ஆடி மாதத்தில் ஏறிய கோடு

நான் சேலத்தில் கார் விற்றுப் பிழைத்தவன். சும்மா கார் இல்லை. எட்டு சிலிண்டர், ஜன்னலுக்குப் பட்டுத் திரை, உள்ளே பூச்செண்டு வைக்க வெள்ளி முலாம் பூசிய குடுவை, பின் சீட்டில் சாய்ந்தபடியே டிரைவருக்கு உத்தரவு போட ஒரு பேச்சுக்குழாய். சீமையில் பிரபுக்கள் மட்டுமே ஏறுகிற வண்டி என்று விளம்பரத்தாளில் போட்டிருக்கும். அந்த வண்டியை முப்பதுகளில், மாட்டுவண்டிச் சக்கரம் உழுதுபோட்ட தடத்தில், இரண்டு பக்கமும் சோளக்காடு நிற்க, ஓட்டிக் காட்டி விற்கவேண்டும். இந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்கு உதித்ததோ தெரியாது. அவர் திருச்செங்கோட்டு ரோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

கம்பெனியின் தலைமை ஆபீஸ் சென்னையில். சேலத்துக் கிளை செவ்வாய்ப்பேட்டையில், முன்பு பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த ஒரு தகரக் கொட்டகையில். கிளை என்றால் ஏதோ நாற்பது பேர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருவன், டிரைவர் ஒருவர். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்த காரணத்தால் எனக்கு இந்த உத்தியோகம். டிரைவர் சேலம் டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். வண்டி ஓட்டுவது, ரிப்பேர் பார்ப்பது, தூசி துடைப்பது எல்லாம் அவர். அறிக்கை எழுதுவது நான். விற்பனை என்கிற வேலைதான் இரண்டு பேருக்கும் இல்லை.

அறிக்கை என்றேனே, அதைச் சொல்லவேண்டும். மாதம் முடிந்தால், எத்தனை வண்டி விற்றது என்று தலைமை ஆபீசுக்கு எழுதவேண்டும். அங்கே விற்பனைத் துரை ஒருவர் இருந்தார். அவர் கட்டம் போட்ட தாளில் மாதாமாதம் ஒரு கோடு இழுப்பார். எந்த மார்க் வண்டி ஏறுகிறது, எது இறங்குகிறது, எந்த ஊர் முழிக்கிறது, எந்த ஊர் தூங்குகிறது என்று எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை விடுவார். நாங்கள் தை மாதம் ஒரு வண்டி விற்றோம், மாசியில் இரண்டு விற்றோம். உடனே துரையிடமிருந்து கடிதம்: "சேலம் நூற்றுக்கு நூறு உயர்வு, பாராட்டுகள்." பங்குனியில் ஒன்று விற்றது. "சேலம் நூற்றுக்கு ஐம்பது சரிவு, காரணம் எழுதுக." என்ன காரணம் எழுத? மாசியில் இரண்டு மிட்டாதார்கள், சின்ன ஜமீன்தார்கள், மச்சானும் மச்சானுமாய்ச் சண்டை போட்டு ஆளுக்கொரு வண்டி எடுத்தார்கள், பங்குனியில் சமாதானமாகிவிட்டார்கள் என்றா எழுதமுடியும்? "சாலைகளின் நிலை காரணமாக" என்று எழுதினேன். துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு எது நடந்தாலும் சாலைகளின் நிலைதான்.

அந்த அறிக்கையில் போட்டிக் கம்பெனியின் விற்பனைக்கு ஒரு பத்தி உண்டு. எங்களுக்கு எதிர்ச்சாரியில் ஒரு அமெரிக்க வண்டி ஏஜென்சி இருந்தது. அவர்கள் எத்தனை விற்றார்கள் என்று அவர்களையே போய்க் கேட்கமுடியுமா? அதற்குப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி வெளியே கிளம்பும்போது நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் இல்லையா? தினமும் சாயந்திரம் அந்த வாசலை ஒரு நடை பார்த்துவிட்டு வருவார். நசுங்கின பழத்தை எண்ணி நாலால் வகுத்தால் விற்பனை. துரை இந்தப் புள்ளிவிவரத்தை மெச்சி, மற்ற கிளைகளும் சேலத்தைப்போல் போட்டியைக் கூர்ந்து கவனிக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னையில் கோடு இழுக்கிற கைக்கு இங்கே எலுமிச்சம்பழம் எண்ணுகிற கண் எப்படித் தெரியும்!

எல்லா மாதத்தையும் சாலைகளின் நிலையை வைத்துத் தாண்டிவிட்டேன். ஆடியைத் தாண்டமுடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, வீடு குடி போவது கிடையாது, புதிதாய் எதுவும் வாங்குவது கிடையாது. இங்கிலீஷ் ஜூலை பாதியில் ஆடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜூலையின் முதல் பாதியான ஆனிக் கடைசியில் அவசரமாய் வாங்குகிற ஒன்றிரண்டு பேரையும் எதிர்க்கடைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆகவே வருஷா வருஷம் ஜூலையில் எங்களுக்குச் சைபர். துரைக்கு ஆடியைப்பற்றி விளக்கி நாலு பக்கம் எழுதினேன். அவர் பதில் எழுதினார்: "ஜூலையில் உங்கள் ஜில்லாவில் அதிக மழை இல்லை, சாலைகள் உலர்ந்திருக்கின்றன, காரில் உலாவ உகந்த மாதம். உங்கள் சோம்பலுக்குத் தெய்வங்களைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்." அடுத்த பத்தியில்தான் வினை. இந்த ஜூலையும் சைபர் என்றால் சேலத்துக் கிளையை மூடிவிடுவதாக உத்தேசம்.

மூடினால் மூடட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் எனக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஆட்டையாம்பட்டி. பெண்ணின் அப்பா பத்துத் தறி வைத்திருக்கிறவர். தறிக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம். "நானும் தறி, என்ற தம்பியும் தறி, வர்ற மாப்பிள்ளையாவது மேசை நாற்காலியில உக்காரட்டும்" என்று தேடித் தேடி என்னைப் பிடித்தார். சந்தைக்கு வரும்போதெல்லாம் கொட்டகையை எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்த மாசம் எத்தனை கார் ஓடுச்சுங்க?"

"ஒண்ணுங்க மாமா."

"மாசத்துக்கு ஒண்ணா? என்ற தறியில வாரத்துக்கு இத்தனை சேலை எறங்குது, அதுக்கே வயிறு நெறைய மாட்டேங்குது. ஒத்தக் காரை வித்துப்போட்டு ஒரு கம்பெனி நடக்குதுங்களா?"

"அது பெரிய வண்டிங்க மாமா."

"என்னமோங்க. கம்பெனி இருக்கிற வரைக்கும்தான் கல்யாணப் பேச்சு, பாத்துக்கோங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகத்திலேயே உல்லாசக் கார்களின் மாதாந்தர விற்பனையை நம்பித் தாலி கட்டக் காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அவள் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் ராத்திரி சோறு இறங்காது.

ஆடி பிறந்தது. கொட்டகையில் மூன்று வண்டிகள் படுத்துத் தூங்கின. இரண்டாம் நாள் காலையில் வில்வண்டியில் ஒரு மிட்டாதார் வந்து இறங்கினார். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து கிராமத்துக்குச் சொந்தக்காரர். மீசை அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்தது.

"ஏப்பா, அந்தக் கருப்பு வண்டி நிக்குதா?"

"நிக்குதுங்க எசமாங்க."

"பக்கத்தூருக்காரன் ஆனியிலயே ஒண்ணு வாங்கிப்போட்டான். அந்த அமெரிக்காக்காரன் வண்டி. தெனமும் என்ற வாசல் வழியா தூசியக் கெளப்பிக்கிட்டுப் போறான். வேணும்னே ஆரன் அடிக்கிறான். எனக்குச் சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது."

"அப்ப இன்னைக்கே எடுத்துக்கலாமுங்களே."

"ஆடியிலயா? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? ஆடியில என்ற ஊட்டுக்குப் புது வெளக்குமாறுகூட வாராது. ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்." வண்டியின் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

ஆவணி பிறக்கும்போது கொட்டகைக்குப் பூட்டுப் போட்டிருக்கும், என் கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான். என் வாய் அப்போது தானாகவே திறந்தது. "எசமாங்க, ஆடி ஆகாதுங்கறது மனுசருக்குத்தானுங்க. ஆத்தாளுக்கு ஆடிதானுங்க நல்ல மாசம். ஆடியில மாரியாத்தாளுக்குப் புதுச்சேலை வாங்கிச் சாத்தறதில்லீங்களா?"

"ஆமா, சாத்தறோம். அதுக்கென்ன?"

"வண்டியை ஆத்தா பேர்ல வாங்கிப்போடுங்க. தோசமே இல்லீங்க. ஆவணி பொறந்ததும் உங்க பேருக்கு மாத்திக்கலாமுங்க."

மிட்டாதார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டது. "அடப் பாவி! இத்தனை நாளா எங்கடா இருந்தே?"

அவர் போனபின் பாய் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். "சாமிக்குக் குடுத்ததை எங்காளுங்க யாரும் திருப்பிக் கேட்டதில்லீங்க. உங்காளுங்க கேப்பாங்களா?" என்றார். அதெல்லாம் ஆவணிக் கவலை என்றேன். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தில் எனக்கே மயக்கமாக இருந்தது.

விற்பனைப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். வாங்குபவர் பெயர்: ஸ்ரீ மாரியம்மன். தொழில்: நிலச்சுவான்தார். பொய் இல்லை, கோயிலுக்கு மானிய நிலம் இருந்தது. வாங்குபவர் வண்டியை ஓட்டிப் பார்த்தாரா, அபிப்பிராயம் என்ன? "வாடிக்கையாளர் அதிகம் பேசுபவர் அல்ல." இதற்கு முன் உபயோகித்த வாகனம் எது என்று ஒரு கேள்வி. சிங்கம் என்று எழுதக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு "வேறு மார்க்" என்று போட்டேன். வாங்கத் தூண்டியது எது? துரையே கைப்பட எழுதிய விளம்பரத்தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதன் பெயரை எழுதினேன். பெரிய மனிதரைக் குளிரவைப்பதில் தப்பென்ன என்று நினைத்தேன். பின்னால் என் தலையில் விடியப்போகிற வரி அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

ஆடி முதல் வெள்ளியன்று வண்டியை ஊரில் கொண்டுபோய் விட்டோம். தாரை தப்பட்டை, வேப்பிலைத் தோரணம், மஞ்சள் தண்ணீர். எட்டு சிலிண்டர் முகம் முழுக்கச் சந்தனம். மிட்டாதார் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"எசமாங்க, செருப்பு!" என்றார் பூசாரி.

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கால் வைத்தார்.

"எசமாங்க, இது ஆத்தா ஏறுற வண்டியாச்சுங்களே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு ஏறிடலாமுங்க."

எங்கள் பக்கம் அம்மனிடம் கேட்பதென்றால் பூ கேட்பது. வெள்ளை அரளியை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலம் என்று இலையில் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் இல்லை. ஊர் கூடி நிற்க ஒரு பெண்குழந்தை வந்து எடுத்தது. சிவப்பு. மிட்டாதார் மீசையைத் தடவிக்கொண்டு இன்னொருதரம் கேட்கச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. மூன்றாந்தரம் கேட்டால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்றார் பூசாரி.

சரி, வண்டியை யார் ஓட்டுவது? ஊரில் ஓட்டத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். அவருக்காகவும் கேட்டார்கள். பூ வெள்ளையாக வந்தது! ஊரே கைதட்டியது. பாய் என்னைப் பார்த்த பார்வையில், இனி ஆடி முடியும்வரை ஞாயிறு லீவு கிடையாதே என்கிற கவலைதான் இருந்தது. அவர் முன் சீட்டில் ஏறினார். பின் சீட்டில், பட்டுத் திரைக்கு உள்ளே, அம்மனின் உற்சவச் சிலை. பேச்சுக்குழாயை அம்மன் உபயோகித்ததாகத் தகவல் இல்லை. வண்டி மெதுவாக ஊர்வலம் போக, அதை வாங்கிய மிட்டாதார் வெறுங்காலோடு பின்னால் தூசி குடித்துக்கொண்டு நடந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? கோயில் நிலத்தில் பூசாரிக்கும் மிட்டாதாருக்கும் பழைய வழக்கு ஒன்று இருந்தது பிறகுதான் என் காதுக்கு வந்தது. பொட்டலம் கட்டியவர் பூசாரி.

மிட்டாதார் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஜூலை மறுபடி சைபர்தானே! ஆனால் பாருங்கள், அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க எந்த மிட்டாதாருக்கும் நெஞ்சில் துணிச்சல் இல்லை. அவரால் முடிந்தது என்னைத் திட்டுவதுதான். ஊர் எல்லையில் என் சட்டையைப் பிடித்தார். "உன்ற பேச்சைக் கேட்டு, என்ற வண்டிக்குப் பின்னால நானே நடக்கறேன். பக்கத்தூருக்காரன் தூசியாவது அடுத்தவன் தூசி. இது என்ற தூசிடா!" செத்தாலும் எங்கள் கொட்டகையை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். நான் தலை குனிந்து நின்றேன். உள்ளுக்குள் விற்பனை ஒன்று என்று எண்ணிக்கொண்டேன்.

கூத்து அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தூர்க்காரர் வந்தார், அந்த ஆரன் அடிக்கிறவர். "எங்க ஆத்தா மட்டும் சப்பரத்துல போகணுமா? அவங்க ஆத்தாளைவிட எங்க ஆத்தா எதுல கொறைச்சல்?" என்று அடுத்த வண்டியை எடுத்தார். நீங்கள் ஏறமுடியாதுங்களே என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவருக்குத்தான் ஏற ஒரு வண்டி இருக்கிறதே! ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். எங்க ஆத்தா அப்படிப்பட்டவள் இல்லை, எனக்கு வெள்ளைப் பூதான் கொடுப்பாள் என்று மார்தட்டினார். அவருக்கும் சிவப்புதான். ஆக, வருஷம் முழுக்க ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் என்று விற்றுக்கொண்டிருந்த கிளை, ஆடியிலேயே மூன்று வண்டி விற்றது. வாங்கியவர் மூவரும் மாரியம்மன்.

துரை தந்தி அடித்தார். ஜூலையில் மாகாணமெங்கும் பெரிய வண்டிகளின் கோடு இறங்கியிருக்க, சேலத்தின் கோடு மட்டும் தாளை விட்டு மேலே போய்விட்டதாம், மேலே இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறாராம். தந்தியை ஆட்டையாம்பட்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னார்: "ஆடியிலயே மூணு கார் ஓட்டின மாப்பிள்ளைங்க!" ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் பாய் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிப்பானேன்?

அதற்குப் பிறகு விற்பனை என்ன ஆனது என்கிறீர்களா? மிட்டாதார் சொன்ன சொல் தவறவில்லை. ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்தில் எதிர்க்கடைக்குப் போய், தான் ஏறுவதற்கு ஒரு வண்டி வாங்கினார். அந்த வாசலில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியதைப் பாய் வந்து சொன்னார். மற்றவர்களும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்தக் கொட்டகையில் வண்டி வாங்கினால் ஏறமுடியாது என்று ஜில்லா முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆகஸ்டில் சைபர், செப்டம்பரில் சைபர், அக்டோபரில் சைபர். மூன்று மாதமும் சாலைகளின் நிலை என்று எழுதினேன்.

ஐப்பசியில் துரையின் கடிதம் வந்தது. நல்ல தடித்த காகிதம். சேலத்தின் புள்ளிகளைத் தான் மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்ததாக எழுதியிருந்தார். இந்த ஜில்லாவில் உயர்ந்த ரக வண்டிகளுக்கு இயற்கையான பருவம் ஜூலைதான் என்று கோடு ஐயமின்றிக் காட்டுகிறதாம். தன்னுடைய விளம்பரத்தாளின் பயன் அந்த மாதத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டதாம். மற்ற மாதங்களில் கிளையைத் திறந்துவைப்பது வீண் செலவு. ஆகவே இந்த மாதக் கடைசியோடு கிளை மூடப்படும். இனி வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில் மட்டும் திறக்கப்படும். அந்தப் பருவத்தின் நுணுக்கம் அறிந்த என்னை அந்த ஒரு மாதத்துக்கு முழுச் சம்பளத்தில் வைத்துக்கொள்வதில் கம்பெனி பெருமை அடைகிறது. கீழே கையெழுத்து. துரைக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது, பெயருக்கு அடியில் புதுப் பட்டம் இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூடத் தேறவில்லை. ஜில்லாவில் ஒருவனும் ஒன்றும் வாங்காத அந்த ஒரே மாதத்துக்கு என்னை விற்பனையாளனாக நியமித்துவிட்டுப் போய்விட்டான் மகராசன்! கடிதத்தைக் கசக்கினேன், விரித்தேன், மறுபடி கசக்கினேன். பாயிடம் படித்துச் சொன்னேன். அவர் அப்போதே டவுனில் லாரி வைத்திருக்கிற ஒருவரைப் பார்க்கக் கிளம்பிப் போனார். அவருக்குக் கையில் தொழில் இருந்தது. எனக்குச் சாலைகளின் நிலையைப்பற்றி எழுத மட்டும்தான் தெரியும்.

ஆபீஸ் கோட்டோடு அம்மாபேட்டைக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். என் மனைவி கூடத்தில் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்தான். முகத்தைப் பார்த்ததும், "என்னங்க காயிதம்?" என்று கேட்டாள்.

எத்தனை வழி உண்டோ அத்தனை வழியிலும் இனிப்புத் தடவிச் சொன்னேன். கம்பெனிக்கு என்மேல் ரொம்ப மதிப்பு. வருஷம் முழுக்க அலையவேண்டாம். ஒரு மாதம் வேலை. முழுச் சம்பளம். என்னை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லையாம்.

"எந்த மாசமுங்க?"

"ஆடி."

ராட்டை நின்றது.

"வர்ற ஆடி எனக்குத் தலையாடிங்க. எங்கப்பா சீர் வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. ஆடி முடியற வரைக்கும் புருசன் மொகத்துல முழிக்கக்கூடாது."

"ஆமாம்," என்றேன்.

"அப்ப, நீங்க சம்பாரிக்கிற ஒரு மாசம் நான் எங்கப்பா ஊட்டுல இருப்பேன். சும்மா உக்காந்திருக்கிற பதினோரு மாசமும் உங்ககூட இருப்பேன். தறிக்காரனுக்குக் குடுக்கமாட்டேன்னு எங்கப்பா ஊரெல்லாம் சலிச்சுப் பொறுக்கினாரு பாருங்க!"

துரையின் அத்தனை கேள்விக்கும் மாதாமாதம் பதில் எழுதியவன் நான். இதற்குச் சாலைகளின் நிலை உதவாது. அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை. பெண் பார்க்கப் போன அன்று பார்த்தாளே, அதே மாதிரி நேராகப் பார்த்தாள்.

"சரி சரி. அந்தக் கோட்டைக் கழட்டி மாட்டிப்போட்டு வாங்க. இந்த நூல் சிட்டம் சிக்கிக் கெடக்குது, ஒருபக்கம் புடிங்க."

கழற்றிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து நூலைப் பிடித்தேன்.